நிலைக்கும் நூல்கள் அலமாரி

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் மூட்டுவலியோடு சௌக்கியம். நீங்கள் இருவரும் சௌக்கியம் என்று நீ எழுதாவிட்டாலும் நாங்களே வைத்துக்கொண்டோம். அங்கே குளிர் அதிகம் என்று மாப்பிள்ளை சொன்னாராம், காதை மூடாமல் வெளியே போகாதே. சமையலறைக் குழாய் சரியாகிவிட்டது, இப்போது குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. குழாய்க்காரர் மூன்று வாரமாக வந்துகொண்டே இருக்கிறார்.

முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். நம் தெருமுனை நூலகத்தில் என் யோசனைப்படி ஒரு விதி வைத்தார்கள் அல்லவா, துப்பறியும் கதையோ காதல் கதையோ எடுக்கிறவர்கள் கூடவே நிலைக்கும் நூல்கள் அலமாரியிலிருந்து ஒன்று எடுத்தே தீரவேண்டும் என்று. எந்த எழுத்தாளர் நூறு வருடம் நிற்பார் என்று வாசகர் வட்டத் தலைவன் என்ற முறையில் நானே தேர்ந்தெடுத்து அடுக்கினேன். என்னுடைய ஒரே சிறுகதைத் தொகுப்பையும் அதில் வைக்கும்படி நூலகர் அம்மா வற்புறுத்தினார், நானும் ஒரு தடவை மறுத்துப் பார்த்தேன். போன மாதம் அவர் பின்னட்டைத் தேதிச் சீட்டுகளைச் சரிபார்த்தார். மேதைகள் எல்லாம் நாலைந்து முத்திரையோடு நிற்க, என் புத்தகத்தில் சீட்டு நிரம்பி, அதன்மேல் இன்னொன்று ஒட்டி, அதுவும் நிரம்பியிருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. காலம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்று வட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினேன். உன் அம்மா பின்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள், ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்துதான் உண்மையைப் போட்டு உடைத்தாள். அந்த அலமாரியிலேயே ஒல்லியானது என்னுடையதுதானாம், தொண்ணூற்றாறு பக்கம், பையில் போட்டால் இருப்பதே தெரியாதாம். தெருப் பெண்கள் எல்லோரும் முறைவைத்து அதையே எடுக்கிறார்களாம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மட்டும், நான் கொஞ்சம் படிச்சுப் பாத்தேங்க, நல்லாத் தூக்கம் வந்துச்சு என்றாளாம். மனசு விட்டுப்போயிற்று மகளே, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அம்மா நூலகத்திலிருந்து எடுத்துவந்த கொலைக்கதையை, மட்டம் என்று நிரூபிப்பதற்காகவே பிரித்தேன். வக்கீல்தான் கொலைகாரன் என்று நூறாம் பக்கத்தில் கண்டுபிடித்தேன், நூற்றுப் பத்தில் அவனையும் கொன்றுவிட்டார்கள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை. இருபது வருடமாக அதை எழுதிய ஆசாமியைக் கத்திக்குத்துக்காரர் என்று பரிகாசம் பண்ணியிருக்கிறேன், அவர் புத்தகத்தை நாலு தடவை பைண்டிங் பண்ணியிருக்கிறார்கள், அதுவும் எந்த விதியும் இல்லாமல்.

அந்த நேரம் பார்த்து, விதியை எடுத்துவிடலாமா, எல்லோரும் சலித்துக்கொள்கிறார்கள் என்று நூலகர் என்னைக் கேட்டார். எடுத்தால் என் புத்தகத்தை ஈ காக்கை சீண்டாது. மூன்று வருடம் யாரும் எடுக்காத புத்தகம் பழைய தாள்காரரிடம் போய்விடும், அங்கே அதுதான் வழக்கம். ஒரு வாரம் வயிற்றுவலி என்று சொல்லி அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது, போய்ச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டேன். நேற்று அம்மா நூலகத்திலிருந்து வந்தாள். பையில் இரண்டு கொலைக்கதை, அடியில் என் தொகுப்பு. விதிதான் போயிடுச்சே, இதை எதுக்குச் சுமந்துட்டு வர்றே என்றேன். அது இல்லாம பை என்னமோ மாதிரி இருக்குங்க என்றாள். ஒரு கதையாவது படிச்சியா என்றேன். அதெல்லாம் கேட்டா அடுத்த தடவை எடுக்கமாட்டேன் என்றாள். அதற்கப்புறம் நான் கேட்கவில்லை.

நீங்கள் இருவரும் நல்ல உடம்போடும் குறைந்த சண்டையோடும் நெடுங்காலம் வாழவேண்டும் என்பது எங்கள் இருவரின் ஆசி. விடுமுறைக்கு வரும்போது மறக்காமல் உன் நூலக அட்டையைப் புதுப்பித்துக்கொள். என் புத்தகத்தை நீ படிக்கவேண்டாம், சும்மா எடுத்துவைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். ஒரு முத்திரை விழுந்தால் மூன்று வருடம் தாங்கும்.

இப்படிக்கு,
பிரியமுள்ள அப்பா