குறை சொல்லத் தெரியாத எனிட்

மார்ச் 3, செவ்வாய்
மதியம் என்று சொல்லியிருந்த, டாக்டர் நோயாளிகளைப் பார்க்கும் வார்டு கூட்டத்தைக் காலையிலேயே முடித்துவிட்டார்கள். நர்ஸ் ப்ரோனா, "உங்களுக்கு யாரும் சொல்லலையா? மன்னிச்சுக்கங்க" என்றாள். எங்கள் பர்ன்லி ஊரில் மன்னிப்புக்கு மட்டும் பஞ்சமே இல்லை.

மார்ச் 5
எனிட் ஆக்ராய்ட் என்ற அம்மாளைப் பார்த்தேன். மனநலச் சட்டப்படி வார்டில் அடைத்து வைத்து ஊசி போடுகிறார்கள். அந்த ஊசியால் கை நடுங்குகிறது; சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியவில்லை. "நிறுத்தச் சொல்லல கண்ணு. பாதியாக் குறைச்சாப் போதும்." அவர் விருப்பத்தை அவர் சார்பில் எடுத்துச் சொல்வதுதான் என் வேலை. எனக்குச் சம்பளம் தருவது ஆஸ்பத்திரி இல்லை, வெளியே உள்ள ஓர் அமைப்பு. என் சொந்தக் கருத்துக்கும் அங்கே இடமில்லை.

மார்ச் 10
வார்டு கூட்டத்தில் டாக்டர் ஹெப்வொர்த் கேட்டார்: "எப்படி இருக்கீங்க எனிட்?"
"ஏதோ ஓடுது டாக்டர். குறைன்னு சொல்ல ஒண்ணும் இல்ல."
கால் முறிந்து கிடந்தாலும் எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள். டாக்டரும் இந்த ஊர்க்காரர்தானே, அவருக்குத் தெரியாதா? குறை இல்லை என்று எழுதிக்கொண்டார். நான் குறுக்கிட்டு ஊசி விஷயத்தைச் சொன்னேன். "அவங்களே குறை இல்லைங்கறாங்களே" என்றார். எனிட் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து கார் கதவை அறைந்து சாத்தினேன்.

மார்ச் 11
கோபம் தீரவில்லை. யார் மேல்? எனிட் மேலா? சீ — அந்த டாக்டர் மேலதான். இல்ல, இந்தப் பாழாப்போன மரியாதை மேல.

மார்ச் 13
"ஏன் அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன்.
"எப்படி இருக்கேன்னு கேட்டாரு. மரியாதைக்குப் பதில் சொன்னேன். ஊசியப் பத்தி என்கிட்ட யார் கேட்டா?"
நியாயம்தான். நலம் விசாரிக்காதீர்கள், ஊசியைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள் என்று டாக்டருக்கு எழுதினேன், எனிட் சம்மதத்தோடு.

மார்ச் 17
பதில் இல்லை. டாக்டர் விடுப்பாம். கூட்டமும் இல்லை. அவர் விடுப்பில் போனால் எனிட்டின் கை நடுங்காமல் இருக்குமா?

மார்ச் 24
டாக்டர் பழக்கதோஷத்தில், "எப்படி..." என்று தொடங்கி நிறுத்தினார். "ஊசி எப்படி இருக்கு?"
"நல்லா இல்ல டாக்டர்."
அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. எனிட்டே பேசினார், கையை நீட்டிக் காட்டினார். பாதி இல்லை, கால்வாசி குறைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 2
எனிட் இன்று குறைகளை அடுக்கினார். தலையணை கல், சூப் தண்ணி, கால்வாசி போதாது. கடைசியில், "உன் மேலயும் ஒண்ணு இருக்கு கண்ணு. மொதக் கூட்டத்துல ஊசியப் பத்தி நான் வாயத் திறக்கறதுக்குள்ள நீ பேசிட்ட. புகார் எழுதணும், யாருக்கு எழுதறது?"
சுருக்கென்றது. எங்கள் மேலாளர் பெயரையும் முகவரியையும் சொன்னேன். எழுத உதவிக்கு வேறு ஆள் வேண்டுமா என்றும் கேட்டேன்.
"வேணாம். நானே எழுதிக்குவேன்" என்றார்.