அழகம்மாள் வைத்த முறை

நாகமலை புதுக்கோட்டை,
மே 2003

அன்பு மகன் சோலைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் தங்கச்சி பாண்டிமீனாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், சிங்கப்பூரில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருக்க மீனாட்சித் தாய் துணையிருக்க வேண்டும். மீனா பரீட்சை எழுதிவிட்டாள், பாஸாகிவிடுவேன் என்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. நான் போகிற கான்கிரீட் வேலையில் சித்தாள் பெண்களைப் பார்த்துக்கொள்ள காளை கொத்தனார் ஓர் ஆளை வைத்திருக்கிறார், யாரை என்று நினைக்கிறாய், அழகம்மாளை. தலையில் சும்மாடு வைக்கக்கூட நான் சொல்லிக் கொடுத்து வேலைக்கு வந்தவள். அவள் ஒரு முறை வைத்திருக்கிறாள். சட்டி சுமந்து மேலே ஏறுகிறவர்கள் கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்து கீழே கலவை அள்ள வேண்டுமாம், அள்ளியவர்கள் நிழலில் உட்கார்ந்து நீச்சத்தண்ணி குடிக்க வேண்டுமாம், உட்கார்ந்திருந்தவர்கள் மேலே போக வேண்டுமாம். எல்லோருக்கும் அது பிடித்துப்போய் எதற்கெடுத்தாலும் அழகம்மாள் அழகம்மாள்தான். இம்புட்டு வருசமா நமக்கு இது தோணலையே என்று கொத்தனாரும் என் முன்னாலேயே சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் கே.கே. நகரில் ஒரு டாக்டர் வீட்டுக்குத் தளம் போட்டோம். என் முறை வந்ததும் உட்காரச் சொன்னாள், நான் காதில் வாங்கவில்லை. இவள் சொல்லி நான் உட்காருவதா என்று சட்டி மேல் சட்டியாகச் சுமந்தேன். கடைசியில் சாரத்துப் பாதியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது, சட்டி கீழே போய்விட்டது, நல்லவேளை அடியில் யாரும் நிற்கவில்லை. பின்னால் வந்தவள் என்னை இறுகப் பிடித்துக்கொண்டாள், அவளேதான். நிழலில் உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். திட்டுவாள் என்று இருந்தேன், என் காதோரம் குனிந்து, "ஒக்காருன்னுதானக்கா சொன்னேன், ஒனக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்" என்று கேட்டாள். கொத்தனார் வந்து கேட்டபோது, பலகை வழுக்கிவிட்டது என்று சொல்லிவிட்டாள். அது எனக்கு இன்னும் கூடுதலாக எரிந்தது சோலை, அவள் காட்டிக் கொடுத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

மறுநாளிலிருந்து முறைக்கு உட்காருகிறேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ராத்திரி தூக்கமும் வருகிறது. உட்கார்ந்துகொண்டே அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த இடத்தில் நான் இருக்க வேண்டியவள் என்ற நினைப்பு போகமாட்டேன் என்கிறது. நல்ல ஏற்பாடுதான், உனக்கு மட்டும் சொல்கிறேன், அவளிடம் சொல்ல இன்னும் வாய் வரவில்லை.

நீ நோய்நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும். அங்கே உன்னை உட்காரச் சொன்னால் உட்கார் தம்பி, சொல்கிறவன் உனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவனாக இருந்தாலும் உட்கார்.

உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா,
முருகம்மாள்