பெயரில் இருந்த சிறுகோடு

அன்புள்ள வாப்பாவுக்கு, இர்பானாவின் ஸலாம். கும்மிடிப்பூண்டியில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நேற்று கம்பெனியில் லேபிள் அச்சாகாமல் லாரிகள் வாசலிலேயே நின்றன.

"லாரிக்காரங்க கத்திக்கினு கீறாங்க. இன்னாம்மா ஆச்சு?" என்றார் மேலாளர் தணிகைவேல்.

லேபிள் அச்சிடும் கணினிச் சேவைக்குப் புதிதாக 'பொன்னேரி-கிடங்கு' கோப்புறையின் பெயரைக் கொடுத்திருந்தார்கள். நடுவிலிருந்த சிறுகோட்டைக் கணினி, கோப்புறைக்குள் கோப்புறை என்று காட்டும் சாய்கோடாக எடுத்துக்கொண்டு, இல்லாத கோப்புறையைத் தேடிக்கொண்டிருந்தது. சிஸ்டம்டி-எஸ்கேப் என்ற கட்டளையிடம் பெயரைக் கொடுத்தேன். அது சிறுகோட்டை மட்டும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடாக மாற்றித் தந்தது. அந்தப் பெயரில் சேவையைத் தொடங்கியதும் லேபிள்கள் வந்தன.

"இந்தப் பேரை எப்டிம்மா படிக்கிறது?" என்றார் தணிகைவேல், திரையைப் பார்த்து.

"மெஷின் படிச்சிரும் சார், லாரியை அனுப்புங்க" என்றேன்.

உம்மாவிடம் மாசிக் கருவாட்டுத்தூள் அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிறன்று சாப்பிடும்போது எனக்குப் போன் போட்டு, அதை நடுவில் வையுங்கள். என்னிடம் பேச வேண்டாம். நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டே நானும் சாப்பிடுகிறேன்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது, ஓடுகிறேன்.

இர்பானா