மேனேஜருக்குத் தீனி

மார்ச் 4

அன்புள்ள நெட்டையனுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நானே முடிவு செய்துகொண்டேன். நீ போய்ச் சேர்ந்து பத்து நாளாகிறது, ஒரு வரி கூட வரவில்லை. மலை உச்சி வானிலை நிலையத்தில் போன் எடுக்காது, பதினைந்து நாளைக்கு ஒருமுறை சாமான் வண்டியில்தான் தபால் என்றாய். பேனாவுமா எடுக்காது?

உன் குதிரை மேனேஜருக்குத் தினமும் தீனி வைக்கிறேன். கடையிலிருந்து வந்ததும் முகம் கழுவிக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிறேன். நீ ஒட்டிவிட்டுப் போன சீட்டில் உள்ளபடி கேம் பெட்டியைப் போட்டு, திரையில் "தொடரவும்" என்று இருக்கும் மேல் வரியை அமுக்கி, லாயத்தில் புல் வைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றி, அணைத்துவிடுகிறேன். பத்து நிமிட வேலை. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறது. என் முதலாளி இருபது வருஷத்தில் ஒருநாள்கூட அப்படி ஆட்டியதில்லை.

ஒன்று சொல்கிறேன், திட்டாதே. முந்தாநாள் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி வெளியே போனேன். சும்மா எட்டிப் பார்க்கத்தான். அடேயப்பா, அது என்னடா அவ்வளவு பெரிய உலகம்! நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கடுகு சைஸ் திருகாணியைத் தட்டில் தேடியே பழகிய கண் இது. அங்கே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் கடல். வரைபடத்தைத் திறந்தால் அம்மை போட்ட மாதிரி முழுக்கப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் ஒருத்தர் நிற்கிறார், ஒவ்வொருத்தருக்கும் ஒரு கஷ்டம். ஒருத்தி ஆட்டைத் தொலைத்துவிட்டாள். ஒரு படகுக்காரனுக்குத் துடுப்பு இல்லை. ஒரு வைத்தியருக்கு ஏதோ குகைக்குள் இருக்கும் பச்சிலை வேண்டுமாம். "தேடிக் குடுப்பீங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டால் மாட்டேன் என்றா சொல்ல முடியும்? எல்லோருக்கும் சரி என்று சொல்லிவிட்டேன். இப்போது பதினேழு பேர் காத்திருக்கிறார்கள். நேற்று கடையில் அந்த ஆட்டுக்காரி நினைப்பிலேயே வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிவிட்டேன்.

கழுத்தில் துண்டைக் கட்டிக்கொள். மேலே குளிர் அதிகம் என்று சொன்னார்கள்.

உன் அம்மா

மார்ச் 20

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. டிரைவர் டீ குடித்து முடிப்பதற்குள் இதை எழுதித் தர வேண்டும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் மழைமானியில் எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து எழுதுகிறேன். பிறகு பலூனை நிரப்பிப் பறக்கவிடுகிறேன். அது மேலே போய்க் காற்றையும் ஈரத்தையும் அளந்து சொல்லிவிட்டு வெடித்துவிடும். கூட இருப்பவர் ஒரே ஒருத்தர், என் மேலதிகாரி. ஒரு நாளைக்கு ஆறு வார்த்தை பேசுவார், அதில் நாலு காற்றைப் பற்றி.

அம்மா, தயவுசெய்து கேட்டைத் தாண்டாதே. அங்கே யாரும் உன்மேல் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆட்டுக்காரி பத்து வருஷம் ஆனாலும் அதே இடத்தில் அதே முகத்தோடு நிற்பாள். நான் நானூறு மணி நேரம் ஆடியும் பாதி தாண்டவில்லை. கடைசியாக ஆடிய நாட்களில் வரைபடத்தைத் திறந்தாலே மூச்சு முட்டும். மூடிவிட்டு வந்து மேனேஜரைத் தேய்த்துக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று. லாயத்துக்குப் பின்னால் ஒரு கோணல் வேலி இருக்கிறது. உனக்கு அதைப் பார்த்தால் நேராக்கச் சொல்லிக் கை பரபரக்கும். அதை மட்டும் தொடாதே. ஏன் என்று அடுத்ததில் எழுதுகிறேன்.

உன் நெட்டையன்

ஏப்ரல் 3

அன்புள்ள நெட்டையனுக்கு,

இங்கே எல்லாம் நலம். மேனேஜர் நலம். தோட்டம் நலம். வேலியும் நலம். கோணலாகவே இருக்கிறது, நான் கிட்டக்கூடப் போகவில்லை.

சும்மா கேட்கிறேன், அந்த வேலி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும்? மொத்தம் எத்தனை கம்பு? எனக்குத் தெரிகிறதுதான், இருந்தாலும் நீ சொல்லிக் கேட்க வேண்டும்போல் இருக்கிறது. மேனேஜர் நெற்றியில் வெள்ளையாக இருந்ததே, இருக்கிறதே, அது பொட்டா கோடா? டிவி கொஞ்ச நாளாக மங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி விற்கிறவளுக்கே கண் போய்விட்டது என்று சிரிக்காதே.

அந்தப் பெயரை வைத்தது அப்பாதானே? கட்டிலில் படுத்தபடியே, "வேலை செய்யாம நல்லா திங்குது, மேனேஜர்னு வை" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்து, இருமி, நான் ஓடி வந்து முதுகைத் தடவிவிட்டது நினைவிருக்கிறது.

வேலிக்கு ஏதோ காரணம் எழுதுகிறேன் என்றாய். அவசரமில்லை. எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

உன் அம்மா

ஏப்ரல் 19

அன்புள்ள அம்மா,

மொத்தம் ஏழு கம்பு. மூன்றாவது வலது பக்கம் சாய்ந்திருக்கும், ஐந்தாவது மற்றதைவிடக் குட்டை. மேனேஜர் நெற்றியில் இருப்பது கோடு.

அந்த வேலியைப் போட்டது அப்பா. படுக்கையோடு படுக்கையாக ஆவதற்கு முன்னால், ஒருநாள் நீ கடைக்குப் போனபிறகு, "குடுடா, நானும் பார்க்கிறேன்" என்று கேட்டு வாங்கினார். அரைமணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து ஆடினார். நான் அவரை மலைக்கு, கடலுக்கு எல்லாம் கூட்டிப்போகப் பார்த்தேன். அவர் கேட்டைத் தாண்டவே இல்லை. "முதல்ல குதிரை ஓடாம இருக்க ஒரு வேலி போடணும்" என்று ஏழு கம்பை நட்டுவிட்டு, கை நடுங்குகிறது என்று திருப்பித் தந்துவிட்டார். அதனால்தான் அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை.

அம்மா, இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா கட்டிலிலிருந்து விழுந்த அன்று நான் வேலையில்லாமல் வீட்டில்தான் இருந்தேன் என்று உனக்குத் தெரியும். அவரைப் பார்த்துக்கொள்வதுதான் அப்போது என் வேலை. தூங்கிக்கொண்டிருந்தேன், கேட்கவில்லை என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். உள் அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தேன். அன்று நான் தேடியது அதே ஆட்டுக்காரியின் ஆட்டைத்தான். ஏதாவது வேண்டுமென்றால் அப்பா டம்ளரால் கட்டில் சட்டத்தைத் தட்டுவார். அன்றும் தட்டியிருப்பார். நான் வந்து பார்த்தபோது அவர் தரையில் கிடந்தார், டம்ளர் வாசல் வரை உருண்டு போயிருந்தது. பதினைந்தாவது நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

அந்த உலகத்தில் எல்லோருக்கும் நான் வேண்டும், ஆனால் யாருக்கும் அவசரம் இல்லை. அது எனக்கு வசதியாக இருந்தது. முன் அறையில் ஒரே ஒருத்தர் இருந்தார், அவரால் காத்திருக்க முடியவில்லை.

நீ என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உன் மகன்

மே 4

என் கண்ணு,

உன் கடிதத்தைக் கடை வாசலில் நின்றபடி படித்தேன். பிறகு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன்.

வேலி இல்லை. மேனேஜரும் இல்லை. உன் நானூறு மணி நேரமும் இல்லை. "தொடாதே" என்று நீ எழுதிய கடிதம் வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். காத்திருப்பவர்கள் எழுபத்தொரு பேர் ஆகிவிட்டார்கள். ஆட்டைத் தேடிப் போய் ஏதோ பனிமலையில் மாட்டிக்கொண்டேன், வீட்டுக்கு வழி தெரியவில்லை. வரைபடத்தை எந்தப் பக்கம் திருப்பினாலும் புள்ளிதான். பெட்டியை அணைத்துப் போட்டேன், மறுபடியும் அதே பனியில்தான் நின்றேன். மேல் வரிக்குக் கீழே "புதிதாகத் தொடங்கு" என்று இருந்தது. அதை அமுக்கினால் கேட் வாசலில் கொண்டுவந்து விடும் என்று நினைத்தேன். பழையது அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. அங்கே எல்லோருக்கும் சரி சொல்லிப் பழகிய கை. சரி என்று அமுக்கிவிட்டேன்.

உனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் திரும்பக் கட்டிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குத்தான் கம்பு எத்தனை, பொட்டா கோடா என்று கேட்டது. உன் அப்பா கை பட்டது என்று தெரியாது. தெரிந்தபிறகு கைவைக்க மனசு வரவில்லை.

இதற்கே உனக்கு என்மேல் கோபம் வரும். இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ தூங்கவில்லை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நான் வந்தபோது ஹெட்போன் உன் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் ஏன் கேட்கவில்லை என்றால், அதை வாங்கி உன் காதில் மாட்டியவளே நான்தான். நீ ஆடும் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்பாவுக்குத் தூக்கம் கெடும் என்று சாக்குச் சொன்னேன். அவர், "சத்தம் இருக்கட்டுமே, பையன் வீட்ல இருக்கான்னு தெரியுது" என்றார். நான் கேட்கவில்லை.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "விழாம இருந்தாலும் இன்னும் ஒரு மாசம் தாங்கியிருந்தா பெருசும்மா, இது விழுந்ததால வந்தது இல்ல" என்றார். அதை உன்னிடம் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல ஆரம்பித்தால் ஹெட்போன் பேச்சு வரும், உன் அப்பா சொன்னது வரும் என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். இரண்டரை வருஷம் உன்னைத் தனியாகச் சுமக்கவிட்டேன். நான் செய்தது பெரிய தப்பு. மன்னிப்புக் கேட்கக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

திட்டியாவது எழுது.

உன் அம்மா

ஜூன் 8

அன்புள்ள நெட்டையனுக்கு,

சாமான் வண்டி இரண்டு தடவை வந்து போய்விட்டது. டிரைவரிடமே போய்க் கேட்டேன். "தம்பி நல்லாத்தான் இருக்காரும்மா, லெட்டர்தான் ஒண்ணும் குடுக்கல" என்றார். நல்லாத்தான் இருக்கிறாய் என்பதே போதும் என்று அவரிடம் சொன்னேன். போதவில்லை.

ஆடு கிடைத்துவிட்டது. புது ஆட்டத்தில் அந்த ஒரு வேலையைத் தவிர வேறு எதற்கும் சரி சொல்லவில்லை. நீயும் நானும் மலையெல்லாம் தேடினோம், அது அவள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் நின்றுகொண்டிருந்தது. கொண்டுபோய் விட்டேன். ரொம்ப நன்றி என்று சொல்லி ஒரு கயிறு கொடுத்தாள். அவ்வளவுதான். அந்தக் கயிற்றை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதேன்.

புதுக் குதிரைக்கும் மேனேஜர் என்றுதான் பெயர் வைத்திருக்கிறேன். வேலி போடவில்லை. உன்னைக் கேட்காமல் போட மாட்டேன்.

உன் அம்மா

ஜூன் 24

அன்புள்ள அம்மா,

கோபமாகத்தான் இருந்தேன். குதிரைக்காக இல்லை, வேலிக்காகவும் இல்லை. டாக்டர் சொன்னதை நீ உன்னோடு வைத்துக்கொண்டதற்கு. நாலு கடிதம் எழுதினேன், நாலும் உனக்கு அனுப்பக்கூடியது இல்லை. கிழித்துவிட்டேன். ஐந்தாவதை எழுதும்போது மேலதிகாரி எட்டிப் பார்த்து, "வீட்டுக்கா? எழுது" என்றார். அன்றைக்கு அவர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நீ வேலியைப் பற்றிக் கேட்டபோதே ஏதோ மறைக்கிறாய் என்று தெரிந்துவிட்டது, அம்மா. உனக்குப் பொய் சொல்ல வராது. நானும் ஒன்றை மறைத்து வைத்திருந்தேன், யாராவது ஒருத்தர் முதலில் சொன்னால்தானே என்று சொன்னேன். இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வேலைக்கு நான் ஏன் வந்தேன் தெரியுமா? இங்கே போன் எடுக்காது. உன் முகத்தைப் பார்க்கவும் வேண்டாம், குரலைக் கேட்கவும் வேண்டாம் என்றுதான் வந்தேன். நீ வாயை மூடிக்கொண்டாய், நான் மலை ஏறிவிட்டேன். இதில் யார் யாரை மன்னிப்பது? இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் உன்மேல் வருத்தப்படுவதை இங்கே தனியாக உட்கார்ந்து செய்ய எனக்கு இஷ்டமில்லை.

அப்பா "சத்தம் இருக்கட்டுமே" என்று சொன்னார் என்றாயே, அந்த வரியை மட்டும் தினமும் எடுத்துப் படிக்கிறேன். அவர் படுத்திருந்த நாளெல்லாம் நான் அவர் பக்கத்தில் இல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு நான் இருந்தது கேட்டிருக்கிறது.

வேலியை நீயே போடு. ஏழு கம்பு வேண்டாம், சாய்க்கவும் வேண்டாம். உனக்கு நேராகத்தான் வரும், நேராகவே போடு. மேனேஜருக்கு அது தெரியவா போகிறது.

அடுத்த வண்டியில் கீழே வருகிறேன், பதினைந்து நாள் லீவு. உள் அறையில் படுக்கையைப் போட்டு வைக்காதே. அப்பா கட்டிலில்தான் படுக்கப் போகிறேன். அந்த டம்ளரை நீ பத்திரமாக வைத்திருப்பாய் என்று தெரியும், அதை எடுத்து உன் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொள். ஏதாவது வேண்டுமென்றால் தட்டு, அம்மா. எனக்குக் கேட்கும்.

உன் நெட்டையன்