நீ வைத்த செமிகோலன்

அன்புள்ள மின்னலுக்கு,

நலம். நீயும் உன் அக்காவும் நலமா? கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நன்றாக இருக்கிறார். காலில் இரத்தம் கட்டி மறுபடி படுக்கையில் கிடந்தாரே, அவரேதான். போன வெள்ளிக்கிழமை தடி இல்லாமல் பரிசோதனைக்கு நடந்து வந்தார். வரிசையில் நிற்க மாட்டேன் என்று நர்ஸிடம் சண்டை வேறு. அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இன்னொன்று. தப்பு உன்னுடையது இல்லை, என்னுடையது.

முதல்முறை அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போகும்போது நாம் கொடுத்த கடிதம் நினைவிருக்கும். டாக்டர் சொல்லச் சொல்ல நீ ஆங்கிலத்தில் அடித்தாய். நிறுத்த வேண்டியவை என்று போட்டு ஒரு கோலன். பிறகு வலி மாத்திரை, தூக்க மாத்திரை. அங்கே ஒரு செமிகோலன். அதற்கப்புறம், இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை முன்போலவே. பக்கத்து மேசையில் சரிபார்த்தது நான். வெளியே போன தாளில் செமிகோலன் இருந்த இடத்தில் கமா. அவருடைய மகள் மூன்று மாத்திரைகளையும் நிறுத்திவிட்டாள்.

செமிகோலன்தான் வைத்தேன் என்று விசாரணையில் நீ இரண்டு முறை சொன்னாய். யாரும் நம்பவில்லை. நானும்தான். உன்னை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு அந்தக் குறி என்னவென்றே தெரியாது. கை தவறிக் கமாவின் தலையில் ஒரு புள்ளி விழுந்துவிட்டது என்று நினைத்து, கண்ட இடத்திலெல்லாம் துடைத்துவந்தேன். ஒருநாள் உன்னிடம் கேட்டிருக்கலாம். சரிபார்க்கிறவளுக்கே இங்கிலீஷ் தெரியவில்லை என்று சிரிப்பாயோ என்ற கூச்சம்.

போன மாதம் என் சின்னவள் பள்ளிக் கட்டுரையைக் காட்டினாள். அதிலும் துடைக்கப் போனேன். “ஐயோ அம்மா, அது தப்பில்ல! கோலன் வந்தா, இதோ சொல்லப்போறேன்னு அர்த்தம். கமா, ஒரு கூட்டத்துக்குள்ள இருக்கறதைப் பிரிக்கும். செமிகோலன் வந்தா அந்தக் கூட்டம் முடிஞ்சுது, அடுத்தது வேற” என்றாள்.

மறுநாள் காலை கணினியில் பழைய பிரதியைத் தேடினேன். நீ வைத்தது வைத்தபடியே இருந்தது. அழித்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. உன்னிடம் மறைக்க மாட்டேன். அச்செடுத்துக்கொண்டு மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனேன். “அஞ்சு மாசம் கழிச்சா வந்து சொல்றீங்க?” என்றார். நேற்றுத்தான் தெரிந்தது என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

நான் திருத்திய கடிதங்களையெல்லாம் இருவரும் மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தோம். சந்தேகம் வந்த பதினொரு வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கடைசி வீட்டில் பேசி முடித்ததும் மேலாளர் அம்மாவே எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

பிறகு டிரைவர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அடித்து விரட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அவர் மகள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். “நான்தான் சரியாப் படிக்காம அப்பாவைக் கொல்லப் பார்த்தேன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேங்க” என்றாள். அவளைப் பற்றி நாம் யாருமே யோசிக்கவில்லை, பார்த்தாயா?

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, கோப்பு அறைக்கு மாற்றிவிட்டார்கள். தூசிக்குத் தும்மல் தாங்கவில்லை. ஆனாலும் இரவில் தூக்கம் வருகிறது. உன் மேல் தவறில்லை என்று அலுவலகக் கடிதம் தனியாக வரும். வேலைக்குத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். உன் மேசையில் இன்னும் யாரையும் உட்கார வைக்கவில்லை.

வருவதும் வராததும் உன் இஷ்டம். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் கோப்பு அறையைவிட்டு வெளியே வராமல் இருந்துகொள்கிறேன். நீ மட்டும் தலைநிமிர்ந்து அந்த வாசல் வழியாக ஒருமுறை உள்ளே வா.

என்றும் உன் நலம் வேண்டும்,
பக்கத்து மேசைக்காரி