பின்புறத் தளத்துக்கு ஒன்பது மாதிரிகள்

மார்ச் 3, செவ்வாய்

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருடம் ஆகிறது. வீட்டின் பின்புறம் இன்னும் வெறும் மண்தான். மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. மண்ணில் நடந்தால்தான் உடம்புக்கு நல்லது என்று சொல்லி, உயிரோடு இருந்தவரை ஒரு கல் பதிக்க விடவில்லை. தினமும் வெறுங்காலோடு நடந்தார். அறுபத்தெட்டில் போய்ச் சேர்ந்தார். இனி என் இஷ்டம். பின்வாசலிலிருந்து மதில்வரை தளம் போடப் போகிறேன். மாலையில் உட்கார இரண்டு நாற்காலி. ஒன்று எனக்கு, ஒன்று மகளுக்கு.

மார்ச் 7, சனி

கல் கடைக்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் கல் தூசி, புருவத்தில்கூட. பெயர் சொன்னார், நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. எனக்கு அவர் தூசி.

மூன்று மாதிரி கொண்டுவந்தார். சுட்ட ஓடு: பார்க்கவே பள்ளிக்கூடக் கழிப்பறை. சிமெண்ட் கட்டை: பெட்ரோல் பங்க்குக்குப் போடட்டும். மூன்றாவது ஏடு ஏடாக உரியும் கல். நகத்தால் சுரண்டினேன், பொடி வந்தது.

“இது நகத்தால சுரண்டுறதுக்கு இல்லம்மா, நடக்கிறதுக்கு” என்றார்.

மூன்றையும் திருப்பி எடுத்துப் போகச் சொன்னேன். வாசல்வரை மகள் பிடித்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட டீச்சர் அவள், அவளுக்கு எதற்கு அந்த வேலை?

மார்ச் 14, சனி

வெள்ளைப் பளிங்கு. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டேன். அரை மணியில் வெண்தழும்பு. கான்வென்ட்டில் மதர் ஒருவர், வெள்ளைக் கைக்குட்டையால் எங்கள் மேஜையைத் துடைத்துப் பார்த்த பிறகுதான் வகுப்பைத் தொடங்குவார். அந்தக் கண் எனக்கு. எதுவும் தப்பாது.

“அடுத்த சனிக்கிழமை வேற கொண்டு வரேன்மா.” கோபமே இல்லை இந்த ஆளுக்கு. இரண்டு மணி நேரம் வீணாக்கினேன், சந்தோஷமாகப் போகிறார்.

மார்ச் 21, சனி

ஐந்து, ஆறு, ஏழு. மூன்றும் வேண்டாம். ஆறாவதில் மயிரிழைக் கீறல். தூசிக்குத் தெரியவில்லையாம். மகளுக்கும் தெரியவில்லையாம். “எனக்கு நல்லாத்தான் இருக்கும்மா” என்கிறாள். நாற்பத்து நாலு வயதில் திடீரென்று அபிப்பிராயம்.

மார்ச் 28, சனி

எட்டாவது மாதிரியை நான் கேட்கவே இல்லை. அவராகவே கொண்டுவந்தார். அதைத் தள்ளியதும் மாலையில் ஒன்பதாவது. சாம்பல் நிறக் கருங்கல், மேலே பாலிஷ். முகம் பார்க்கலாம்.

“அம்மா, மழைத் தண்ணி விழுற இடம். பாலிஷ் வழுக்கும்மா. நெருப்புல சுட்டு சொரசொரப்பாக்கித் தரேன்.”

“வழுக்கி விழுறவங்க பாத்து நடக்கட்டும்.”

பாலிஷ்தான். முடிவு செய்துவிட்டேன்.

ஏப்ரல் 4, சனி

வேலை தொடங்கி மூன்று நாள். சமையலறை ஜன்னலருகே நின்று சுவரோரம் ரசமட்டம் சரியாக வைக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சிரிப்புச் சத்தம். வேலைக்காரி என்று நினைத்தேன். என் மகள்.

ஈறு தெரியச் சிரித்தாள். பதினாறு வயதில் ஒருமுறை சொன்னேன், ‘உனக்குச் சிரிப்பு எடுபடவில்லை, ஈறு தெரிகிறது’ என்று. அன்றிலிருந்து வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் சிரிப்பாள். இன்று கை இடுப்பில் இருந்தது. எதிரே தூசி, எங்கள் நல்ல கோப்பையில் டீயோடு.

ஒன்பது மாதிரி! ஒவ்வொன்றிலும் குற்றம் கண்டுபிடித்து, வாரா வாரம் வீட்டுக்கு வரவழைத்தது யார்? நான்தான். என் கையாலேயே. எவ்வளவு மடத்தனம்!

மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறைக்கவில்லை.

“அவருக்கும் யாருமில்லம்மா. வீட்டுக்காரி போய் ஏழு வருஷமாச்சு. கேட்டாரு. யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.”

யோசித்து! வந்த வரன்களையெல்லாம் இவளுக்காக நான் யோசித்தேன். ஒருவனுக்குக் காலர் அழுக்கு. ஒருவன் எழுதிய கடிதத்தில் நாலு எழுத்துப் பிழை. எல்லாம் திருப்பினது இதுக்காகவா? கல் வெட்டுறவனுக்குக் குடுக்கவா?

இவள் போய்விட்டால் — வேண்டாம். அதை எழுத மாட்டேன்.

ஏப்ரல் 10, வெள்ளி

வேலை பாதியில் வந்ததும் குறைகளை எழுதி வேலைக்காரரிடம் வாசித்துக் காட்டுவது இந்த வீட்டு வழக்கம். பெயிண்டருக்குச் செய்தோம், தச்சருக்குச் செய்தோம். கண்புரை ஆபரேஷன் ஆன நாளிலிருந்து நான் சொல்வேன், மகள் எழுதுவாள், அவளே வாசிப்பாள். இன்று சாப்பிட்டவுடன் உட்கார வைத்தேன்.

பன்னிரண்டு குறை. முதல் எட்டு கல்லைப் பற்றி. ஒன்பதாவதைச் சொன்னபோது பேனா நின்றது.

“அம்மா, இது வேலையப் பத்தி இல்லியே.”

“எழுது.”

எழுதினாள். எப்போதும் எழுதுவாள்.

ஏப்ரல் 11, சனி

பதினோரு மணி. தூசியை நிற்க வைத்தேன். நான் நாற்காலியில். மகள் என் பக்கத்தில் நின்று வாசித்தாள். வகுப்பில் வாசிக்கிற தெளிவான குரல். அது என் பயிற்சி.

இணைப்பு அகலம் ஒரே சீராக இல்லை. மதிலோரம் வாட்டம் போதாது, தண்ணீர் தேங்குகிறது. எட்டுவரை தலையாட்டிக்கொண்டே கேட்டார். “சரி பண்ணிடறேன் டீச்சர்” என்றார் அவளைப் பார்த்து.

ஒன்பது: வேலைக்கு வந்தவர் குடும்பத்தாரிடம் அளவு மீறிப் பேசுகிறார். பத்து: நகத்தில் அழுக்கோடு வீட்டுக் கோப்பையைத் தொடுகிறார். காகிதத்தைத் தாழ்த்தினாள். “தொடர்ந்து படி” என்றேன். பதினொன்று: படிப்பில்லாதவர், தன் நிலை தெரியவில்லை. பன்னிரண்டு: ஒரு பெண் இளகினவள் என்று தெரிந்ததும் அவள் சம்பளத்துக்கும் வீட்டுக்கும் ஆசைப்படுகிறார்.

முடித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. கையெழுத்தும் போட்டிருந்தாள், வழக்கம்போல.

அவர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “எட்டையும் சரி பண்ணிடறேன்மா” என்று என்னிடம்தான் சொன்னார். அவளைப் பார்க்கவில்லை.

அவரிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியிருக்கவில்லை. பகல் நன்றாகத் தூங்கினேன்.

ஏப்ரல் 24, வெள்ளி

தளம் முடிந்தது. கொத்தனார்களை மட்டும் அனுப்பினார், அவர் வரவில்லை. வாளியால் தண்ணீர் கொட்டினேன். எங்கும் தேங்கவில்லை, வடிகாலுக்குச் சீராக ஓடியது. முழுக் கண்ணாடி.

மகளுக்கு நாற்காலி போட்டேன். விடைத்தாள் திருத்த வேண்டுமாம்.

ஏப்ரல் 30, வியாழன்

இன்றும் விடைத்தாள்.

மே 31, ஞாயிறு

பள்ளி விடுதிக்கு வார்டனாகப் போகிறாளாம். இரண்டு பெட்டி வாசலில் நின்ற பிறகுதான் சொல்கிறாள்!

“யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கலம்மா.”

“அவன் உன்ன விட்டுட்டுப் போயிட்டான்னு என்மேல காட்டுறியா?”

“இல்லம்மா. அந்தக் காகிதத்த நான்தானே வாசிச்சேன்.”

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. போகட்டும். முந்நூறு பிள்ளைகளின் இரைச்சலில் ஒரு மாதம் தாங்க மாட்டாள்.

ஜூலை 12, ஞாயிறு

தாங்குகிறாள். ஞாயிறு தோறும் நாலரைக்கு வருகிறாள், ஐந்துக்குப் போகிறாள். சாவி இருக்கிறது, ஆனாலும் மணி அடிக்கிறாள். முன்னறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு விருந்தாளிபோல் உட்கார்கிறாள். மருந்து சாப்பிட்டீங்களா, கரண்ட் இருக்கா, வேலைக்காரி வராளா? அவ்வளவுதான். பஸ் ஐந்து மணிக்காம்.

பின்பக்கம் வந்து உட்காரச் சொன்னேன். “அடுத்த வாரம் பாக்கலாம்மா.”

ஆகஸ்ட் 6, வியாழன்

காலையில் கண்ணாடி போட்டுக்கொண்டு தளம் முழுக்கப் பார்த்தேன். ஒவ்வொரு இணைப்பும், ஒவ்வொரு மூலையும். ஒரு குறைகூட இல்லை. யாரையும் கூப்பிடக் காரணம் இல்லை.

சுத்தியலை எடுத்து மதிலோரக் கல்லின் மூலையை உடைத்தேன். இங்கே பொய் எழுத மாட்டேன். நான்தான் உடைத்தேன். பிறகு கடைக்குப் போன் செய்து, கல் உடைந்திருக்கிறது, முதலாளியே நேரில் வர வேண்டும் என்றேன். அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் இல்லாமல் எப்படி இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். என்னைவிட மோசமாக இருப்பார்.

ஆகஸ்ட் 8, சனி

வந்தார். நன்றாகவே இருந்தார். புருவத்தில் அதே தூசி.

குந்தி உட்கார்ந்து உடைப்பை விரலால் தடவினார். “இது சுத்தியல் அடிம்மா.”

“அப்ப நான் உடைச்சேங்கறீங்களா?”

கல்லைப் பெயர்த்துப் புதியதைப் பதித்தார். அரை மணி வேலை. கிளம்பும்போது எனக்குத்தான் பொறுக்கவில்லை. “மக நல்லா இருக்கா. உங்களப் பத்தி இதுவரைக்கும் ஒரு வார்த்த கேட்டதில்ல” என்றேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார்: “ஞாயித்துக்கிழம இங்க கொண்டுவந்து விடுறது நான்தானம்மா. தெருமுக்குல வண்டியில நிப்பேன். அரை மணி நேரம்தானே.”

“எப்பலேர்ந்து?” என்றேன்.

“அன்னிக்கு அந்தக் காகிதத்தக் கேட்டப்புறம் ஒரு வாரம் சோறு எறங்கல, நெசம்தான். அப்புறம் அவங்களே கடைக்கு வந்து நின்னாங்க. எழுதின கை டீச்சரோடது, சொன்ன வாய் உங்களோடது. அது தெரியாதாம்மா எனக்கு? டிசம்பர் லீவுல ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம். உங்ககிட்ட அவங்கதான் சொல்லணும்னாங்க. நான் சொன்னதா காட்டிக்காதீங்க.”

என்னிடம் ரகசியம் காக்கச் சொல்லிவிட்டுப் போகிறார். என்னிடம்!

ஆகஸ்ட் 9, ஞாயிறு

நாலரைக்கு மணி அடித்தது. மருந்து, கரண்ட், வேலைக்காரி.

“எப்படி வந்தே?”

“பஸ்லதான்மா.”

என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். கண் இமைக்கவில்லை. பொய் சொல்ல நான் கற்றுத் தரவில்லை.

டிசம்பரைப் பற்றி இன்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மணி நாலு நாற்பதுதான். “பஸ் போயிடப் போகுது, கிளம்பு” என்றேன். இன்னும் நேரம் இருக்கும்மா என்பாள், உட்காருவாள் என்று நினைத்தேன்.

அதற்குள் செருப்பை மாட்டிவிட்டாள்.