ஏழு என்று கத்தாத சனிக்கிழமை

கூட்டாளி,

சனிக்கிழமை காலையில் பார்மசிக்கு ஒரு பிள்ளை வந்து நோவுக்குப் பூசுகிற பாம் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன். அங்கேயே மூடியைத் திறந்து, ஒரு கையைக் கவுன்டரில் ஊன்றிக்கொண்டு, குனிந்து கணுக்காலில் தேய்த்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கை தானாகவே நெற்றிப்பொட்டுக்குப் போனது. மற்றவர்களுக்கு அந்த வாடை என்றால் தடிமன், தலைவலி. எனக்கு அது மேட்ச்சின் கடைசி இரண்டு நிமிடம். நீ கைப்பையிலிருந்து அதே பாமை எடுத்து என் நெற்றிப்பொட்டில் அழுத்தித் தேய்த்துக்கொண்டே, "மூச்ச விடுடி. இப்பவே செத்துத் தொலையாத, மேட்ச் இன்னும் முடியல" என்பாய்.

பிள்ளை நிமிர்ந்தபோதுதான் முகத்தைப் பார்த்தேன். நம்முடைய பாஸ்கட்போல் டீமின் புது ஏழாம் நம்பர். எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை, தர்ஷினி.

"கால்ல என்னாம்மா?"

"சும்மா பெரண்டிருச்சு அக்கா." சொல்லிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க மேட்ச் பாக்க வர்ற அக்காதானே? மேல் படியில கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருப்பீங்களே?"

பார்த்தாயா, ஊரில் நமக்கு இருக்கிற பெயரை! ஆமாம் என்றேன். அவள் பாம் மூடியைத் திருகினாள், திரும்பத் திறந்தாள்.

"ஒன்னு கேட்டா கோவிக்க மாட்டீங்களே? இன்னைக்கு மட்டும் அந்த 'ஏழு, ஏழு'ன்னு கத்துறத நிப்பாட்டச் சொல்றீங்களா? அது காதுல விழுந்தா எனக்குக் கை நடுங்குது. பந்து கையில நிக்க மாட்டேங்குது. இன்னைக்கும் அப்பிடின்னா நான் இதோட விட்டுடுவேன் அக்கா. கோச் மிஸ்ஸுக்கிட்ட இன்னும் சொல்லல."

நான் மிச்சக்காசைக் கொடுத்தேன். பார்க்கிறேன் என்று சொன்னேன். அவள் நொண்டிக்கொண்டே படியிறங்கிப் போனாள். டீமில் இப்போது இருப்பதே ஆறு பேர்தான். இவளும் போய்விட்டால் ஐந்து. அதில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் போதும், அன்றைக்கு மேட்ச் இல்லை. அப்படியே டீமும் இல்லை. அது ஒரு பயம். இன்னொரு பயத்தை அவளிடம் எப்படிச் சொல்வது? அவள் நிப்பாட்டச் சொன்னது உன் சத்தத்தை.

உனக்கு நினைவிருக்கும். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு மாத்தளை டவுனுக்கு வேலைக்கு வந்த புதிதில், நம் போர்டிங் அறையில் காற்றும் கிடையாது, வீட்டுக்காரம்மாவின் முகத்தில் சிரிப்பும் கிடையாது. அதனால்தான் பின்னால் இருந்த கோர்ட்டின் சிமெந்துப் படியில் போய் உட்கார ஆரம்பித்தோம். பாஸ்கட்போல் என்றால் என்னவென்று நமக்கு யார் சொல்லித் தந்தது? தூரத்திலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட் என்பதே தெரியாமல், நடுவர் நம் பிள்ளைகளுக்கு இரக்கப்பட்டு ஒன்று கூடக் கொடுக்கிறார் என்று ஒரு சீசன் முழுக்க நம்பிக்கொண்டிருந்தோம். "நல்ல மனுசன்டி" என்று நீ அவரைப் பார்த்து வேறு சிரிப்பாய்.

அப்போதைய ஏழாம் நம்பர், நிரோஷா, ஆள் குள்ளம். ஆனால் ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. கண்டி டீமோடு ஒரு மேட்ச், இழுபறி, முடியப் போகிற நேரம். நீ எழுந்து நின்று, தொண்டை கிழிய, "ஏழுக்குக் குடு! ஏழு! ஏழு!" என்று கத்தினாய். கீழ்ப் படியில் இருந்த பேக்கரி அண்ணன் திரும்பிப் பார்த்து, என்ன என்று கேட்டு, விளங்கியதும் தன் சிங்களத்தில் "ஹத! ஹத!" என்று எடுத்துக்கொடுத்தார். பந்து நிரோஷாவிடம் போனது. விழுந்தது. அவ்வளவுதான், அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. மேலே நீ "ஏழு" என்றால் கீழே கோர்ட்டே இடிந்து விழுகிற மாதிரி "ஹத". இப்படியே எத்தனை வருஷம்! கப்புகூட வந்ததே!

நான் அந்தக் கடைசி நிமிடங்களை ஒருநாளும் பார்த்ததில்லை. முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உன் கையைப் பிடித்துக்கொள்வேன். பார்க்க வேண்டிய தேவையும் இல்லை, உன் குரலே எல்லாவற்றையும் சொல்லிவிடும். குரல் ஏறினால் பந்து நிரோஷாவிடம். ஒரு நொடி நின்றால் பந்து காற்றில். பிறகு, "தெறடி கண்ண, முடிஞ்சிருச்சு" என்பாய். ஜெயித்தாலும் தோற்றாலும் அதே வார்த்தைதான். நீ சொன்ன விதத்தில்தான் எது என்று தெரிந்துகொள்வேன்.

பிறகு எல்லாம் ஒரே மூச்சில் கலைந்தது. நிரோஷா கல்யாணம் செய்துகொண்டு இத்தாலிக்குப் போனாள். உயரமான இரண்டு பேருக்கும் கொழும்பில் வேலையோடு சேர்த்து டீமிலும் இடம் கிடைத்தது. பிள்ளைகள் முன்னேறட்டும், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோச் மிஸ் ஒருநாள் படிக்கு வந்து, தனக்குத் தெரிந்த தமிழில், "இனி சின்னப் புள்ளைங்கதான். ரெண்டு வருஷம் தோக்கும். கோவம் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நீ அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தாய். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஒப்பாரி வைக்காத குறை. உனக்கோ சிரிப்பு.

"ஏன்டி அழுவுற? ரெண்டு வருஷம் செருப்படி வாங்குவோம், அவ்வளவுதானே? ஜெயிக்கிறப்ப நம்ம எதுக்குடி அவளுகளுக்கு? அப்பத்தான் கையில கப்பு இருக்கே."

அந்த மாதமே நீ போய்விட்டாய். செருப்படி வாங்குவதற்கு என்னை மட்டும் விட்டுவிட்டு. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான், சொல்லிவிட்டேன்.

நீ சொன்ன மாதிரியே வாங்குகிறோம். தோல்வி என்றால் கொஞ்ச நஞ்சமல்ல, ஸ்கோர் போர்டைப் பார்க்கக் கூசும். படியில் இருந்த கூட்டமும் கரைந்துவிட்டது. நம்மோடு உட்கார்ந்து கத்திய ஆட்கள் இப்போது சனிக்கிழமை வேன் பிடித்துக் கண்டிக்குப் போய், அங்கே ஜெயிக்கிற டீமுக்குக் கைதட்டுகிறார்கள். "நீங்களும் வாங்க அக்கா, பிரஷருக்கு நல்லது" என்று என்னையும் கூப்பிட்டார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு வாரம் நானும் சேலை மாற்றிக்கொண்டு வாசல் வரைக்கும் வந்தேன். பிறகு கால் இந்தப் பக்கம்தான் திரும்பியது.

பேக்கரி அண்ணன் மட்டும் அசையவில்லை. நீ போன பிறகு உன் பங்கையும் அவரே எடுத்துக்கொண்டார். "ஏலு! ஏலு!" என்று, நாக்கு வளைகிற அளவுக்கு, ஆனால் உன் ராகத்திலேயே கத்துவார். மிச்சமிருக்கிற கொஞ்சப் பேர் "ஹத" என்பார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டால், அந்த ராகத்தில் நீ கொஞ்சம் இருப்பாய்.

ஏழாம் நம்பர் சட்டை தர்ஷினிக்கு வந்தது, அது அவள் அளவுக்குச் சரியாக இருந்ததால்தான். வேறு காரணம் கிடையாது. அந்த நம்பரோடு நம் சத்தமும் சேர்ந்து வரும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. போன வாரம் தம்புள்ளை டீமோடு நடந்ததை, பேக்கரி அண்ணன் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன், கேள். நாங்கள் "ஏழு" என்று தொடங்கியதும் அந்தப் பிள்ளைகள் இரண்டு பேர் ஓடிப்போய் தர்ஷினியை மறித்துக்கொண்டார்கள். பந்து எங்கே போகப்போகிறது என்று நாமே ஊரைக் கூட்டிச் சொல்கிறோமே! நம் பிள்ளைகளும் பழக்கதோஷத்தில் அவளுக்கே கொடுத்தார்கள். அவள் கையிலிருந்து பந்து நழுவிப் போனது. நம் ஆட்களில் ஒருவர், "நிரோஷாவா இருந்தா..." என்று சத்தமாகவே சொன்னார். அது அவளுக்குக் கேட்டிருக்கும்.

தர்ஷினி பாம் வாங்கின அன்றைக்குச் சாயங்காலம் மேட்ச்சுக்கு முன்னால் பேக்கரி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் வழக்கம்போல, மீன் வைத்த மாலு பாண் பொதியோடு உட்கார்ந்திருந்தார். என்னைத் தங்கச்சியாக எண்ணி 'நங்கி' என்று கூப்பிடுகிறவருக்கு, கேட்டதும் முகம் கறுத்துவிட்டது.

"அது அவங்கட சத்தம் நங்கி. அதையும் நிப்பாட்டினா, இந்தப் படியில அவங்க எங்க இருக்கிறாங்க? நீங்களே இப்பிடிச் சொல்லலாமா?"

"எனக்கும் அதே பயந்தான் அண்ணே. காலையில இருந்து அதே நெனப்புத்தான். ஆனா அந்தப் புள்ளயும் போயிட்டா, அப்பறம் நம்ம யாருக்குக் கத்துறது?"

அவர் பாண் பொதியை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு கோர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சரி என்றாரா இல்லையா என்று தெரியாமலே விசில் ஊதிவிட்டார்கள். ஐயோ சாமி, அன்றைக்கு நான் மேட்ச்சையா பார்த்தேன்? அவருடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை வருஷமும் மேட்ச் முடிகிற கதையை நீதான் எனக்குச் சொன்னாய். இதை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

குருநாகல் பக்கத்து டீம். நம் பிள்ளைகள் முதல் பாதியில் வழக்கம்போலப் பின்னால் கிடந்தார்கள். பிறகு எப்படியோ பிடித்துப் பிடித்து வந்துவிட்டார்கள். முடியப் போகிற நேரம் ஒரே ஒரு பாயிண்ட்தான் குறைவு. பந்து நம்மிடம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கையை நீட்டினேன், பக்கத்தில் சிமெந்துதான் இருந்தது.

ஒரு சத்தமும் இல்லை. சப்பாத்து கிறீச்சிடுவதும் பந்து தட்டுவதும் மட்டும். யாரிடம் பந்து? ஓடுகிறாளா, நிற்கிறாளா? யாராவது சொல்லுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. இருட்டுக்குள் தனியாக விட்ட மாதிரி ஒரு பயம். தாங்க முடியவில்லையடி. கண்ணைத் திறந்துவிட்டேன்.

பேக்கரி அண்ணன் எழுந்து நின்றிருந்தார். வாய் திறந்தது. மனிதர் கையில் மிச்சமிருந்த பாணை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டார்! கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் வர, அப்படியே நின்றார்.

பந்து தர்ஷினியிடம் வந்தது. யாரும் கத்தாமலேதான். மறித்துக்கொள்ள இரண்டு பேர் வந்தார்கள். அவள் ஒரு தட்டுத் தட்டி, நொண்டிக் காலாலேயே ஒதுங்கி, தலையை நிமிர்த்திப் பார்த்தாள். எங்களைப் பார்க்கவில்லை. தன் டீமைப் பார்த்தாள். ரிங்குக்குக் கீழே நம் டீமின் ஆகச் சின்னப் பிள்ளை யாரும் கவனிக்காமல் நின்றிருந்தாள். அவளுக்குக் கொடுத்தாள். எவ்வளவு அழகான பாஸ், தெரியுமா! அந்தப் பிள்ளை போட்டாள். போர்டில் பட்டு, ரிங்கில் ஏறி, சுற்றி, வெளியே விழுந்தது.

தோற்றுவிட்டோம். பேக்கரி அண்ணன் பாணோடு "அனே!" என்று அங்கலாய்த்தார், அது கோர்ட் முழுக்கக் கேட்டது. தவறவிட்ட சின்னப் பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டாள். தர்ஷினிதான் போய்க் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

பிறகு பையை எடுக்கப் படிப்பக்கம் வந்தாள். வேர்த்து விறுவிறுத்து, மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அக்கா, நானே போட்டிருக்கணுமோ? பாஸ் பண்ணினது சரியா?"

என்னிடம் போய்க் கேட்கிறாள் பார்! எனக்கு ஆட்டத்தில் என்ன தெரியும்? ஆனால் அன்றைக்கு எனக்கு ஒன்று தெரிந்திருந்தது.

"சரிதாம்மா. நான் பாத்தேன்."

அவள் பையைத் தோளில் மாட்டினாள். "அப்ப செவ்வாக்கெழம பிராக்டிஸுக்கு வர்றேன்னு மிஸ்ஸுக்கிட்ட சொல்லிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு, எல்கடுவ பஸ்ஸைப் பிடிக்க நொண்டி நொண்டி ஓடினாள். இப்போது எனக்குப் புதிதாக அந்தக் காலைப் பற்றியும் கவலை.

எல்லோரும் போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. படி சும்மாதான் கிடந்தது. உன் சத்தமும் இல்லாமல் அந்த இடம் எப்படி இருக்கும் என்று பயந்தேனோ, அப்படியேதான் இருந்தது. அழுதேன், மறைப்பானேன்? ஆனால் அந்தப் பாஸ் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. உன்னிடம் சொல்ல வேண்டும், உடனே சொல்ல வேண்டும் என்று வாய் துறுதுறுத்தது. என் வாழ்க்கையில் முதல்முதலாக உனக்குத் தெரியாத ஒரு மேட்ச்சின் முடிவை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமையும் தோற்போம் போலத்தான் இருக்கிறது. உன் தைரியத்தில் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை, வரவும் வராது. ஆனால் நான் பார்க்காவிட்டால் உனக்கு யார் சொல்வது? கண்ணை மூட மாட்டேன், கூட்டாளி. பயந்துகொண்டே பார்ப்பேன்.